யாளி கண் திறந்த 96 ஃபிரேம்: டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ எங்களுக்குப் போதுமானதாக இருந்ததா?

ஒன்றரை மணி நேர மாயாஜாலப் படம் ஒன்றை நான்கு பேராகச் சேர்ந்து முடித்திருக்கிறோம். எடிட்டிங், சி.ஜி. இணைப்பு, கலர், டப்பிங் ஒழுங்குபடுத்துவது என்று பெரும்பகுதி வேலை டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவில்தான் நடந்தது. கையில் கொஞ்சமாகக் காசு வைத்துக்கொண்டு இந்த மாதிரிப் படத்தில் இறங்குகிறவர்கள் இதை வாங்கலாமா, இலவசப் பதிப்பே போதுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் பதில், வாங்குங்கள் என்பதுதான், ஆனால் அதற்கு முன்னால் இலவசப் பதிப்பில் ஒரே ஒரு காட்சியையாவது முதல் வெட்டிலிருந்து கடைசி சத்தம் வரை முடித்துப் பாருங்கள், அப்போதுதான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

டாவின்சி என்பது ஒரு காலத்தில் பெரிய லேப்களில் மட்டும் இருந்த கலர் இயந்திரம். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் 2009-ல் அதை வாங்கியது, அப்புறம் காம்போசிட்டிங்குக்கான (தனித்தனிப் படத் துண்டுகளை ஒரே ஷாட்டாக இணைப்பதற்கான) ஃபியூஷன், சவுண்டுக்கான ஃபேர்லைட் இரண்டையும் வாங்கி உள்ளே சேர்த்தது. 2018-ல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து எல்லாமே ஒரே மென்பொருளில் இருக்கிறது. மாயாஜாலப் படத்துக்கு இதனால் என்ன லாபம் என்பதை ஒரு ஷாட்டை வைத்துச் சொன்னால்தான் புரியும்.

எங்கள் படத்தில் கல் மண்டபத் தூணில் இருக்கும் யாளி ஒன்று கண் திறக்கும். நான்கு விநாடி, அதாவது 96 ஃபிரேம். ராத்திரிக் காட்சிதான், ஆனால் விளக்கு வாடகைக்குக் காசில்லாததால் பொழுது சாயும் நேரத்தில் எடுத்து கலரில் ராத்திரியாக்கினோம். கேமரா மெதுவாகத் தூணை நோக்கி நகர்கிறது, அகல் விளக்கோடு ஒரு சிறுமி குறுக்கே நடந்து போகிறாள், அவள் தாண்டியதும் கல் இமை மேலே போகிறது. இமையை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்தோம். யாளியின் முகம் முழுக்க வளைவும் நிழலுமாக இருந்ததால், கேமரா நகர்வைப் பின்தொடரும் டிராக்கிங் அங்கே பிடிக்கவில்லை, பக்கத்தில் தூணின் தட்டையான பட்டையில் பிளானர் டிராக்கரை வைத்ததும் பிடித்துக்கொண்டது. சிறுமியின் உடம்பைப் பின்னணியிலிருந்து மேஜிக் மாஸ்க் என்ற கருவி ஒரே நாளில் பிரித்துக் கொடுத்துவிட்டது, பறக்கிற தலைமுடியையும் விளக்குச் சுடரின் ஓரத்தையும் மட்டும் கையால் ஃபிரேம் ஃபிரேமாக வரைந்தோம்.

இவ்வளவு செய்தும் இமை ஸ்டிக்கர் ஒட்டினது போலத்தான் இருந்தது. வியூவரில் கெயினை, அதாவது வெளிச்ச அளவை, நன்றாக ஏற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கேமரா எடுத்த நிழலுக்குள் கொஞ்சம் நீலமும் பொடிப்பொடியான புள்ளி இரைச்சலும் (நாய்ஸ்) இருந்தது, ரெண்டரில் வந்த நிழலோ அடுப்புக்கரி மாதிரி ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பைத் தூக்கி நீலம் சேர்த்து, ஓரத்தை லென்ஸ் அளவுக்கு மங்கலாக்கினோம். அப்புறம் பிளேட்டில், அதாவது கேமரா எடுத்த மூலக் காட்சியில், இருந்த இரைச்சலை எடுத்துவிட்டு, இமையைப் பொருத்தி, மொத்தத்துக்கும் ஃபிலிமில் இருப்பது போன்ற பொடிப்புள்ளிகளான ஒரே கிரெயினைப் போட்டோம். அப்போதுதான் அது கல்லானது. நாய்ஸ் ரிடக்‌ஷன், மேஜிக் மாஸ்க், ஃபிலிம் கிரெயின் மூன்றும் ஸ்டுடியோ பதிப்பில் மட்டும் உண்டு, நான் வாங்கச் சொல்வது இவற்றுக்காகத்தான்.

சத்தத்துக்கு வீட்டு அம்மியில் தண்ணீர் விடாமல் குழவியை மெதுவாக இழுத்துப் பதிவு செய்து, ஃபேர்லைட்டில் சுருதியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினோம், தூசி உதிர்வதற்கு முறத்தில் ஆற்று மணலைச் சரித்த ஓசை. இமை இன்னும் சாம்பல் நிற பொம்மையாக இருந்த நாட்களிலேயே இந்தச் சத்தத்தோடு போட்டுக் காட்டினால் பார்த்தவர்கள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள், சத்தமில்லாமல் காட்டியபோது ஒருவரும் கவனிக்கவே இல்லை. சி.ஜி.க்குக் காசு போதவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் சவுண்டில் உட்காருங்கள். காம்போசிட்டிங் டேபிலிருந்து சவுண்ட் டேபுக்கு ஒரே கிளிக்கில் போய், இமை இரண்டு ஃபிரேம் தாமதமாகத் திறக்கட்டும் என்று அங்கேயே முடிவெடுக்க முடிந்ததுதான் இந்த மென்பொருள் எங்களுக்குக் கொடுத்த பெரிய வசதி.

இரண்டு ஷாட்களை வெளியே ஒரு சி.ஜி. கூடத்துக்குக் கொடுத்தோம். அவர்கள் 8 பிட் எம்.பி.4 கோப்பாகத் திருப்பி அனுப்பினார்கள், கணினியில் பார்க்க அழகாக இருந்தது, ஆனால் ராத்திரி கிரேடை, அதாவது ராத்திரிக்கான நிறத் திருத்தத்தை, ஏற்றியதும் வானம் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்தது. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிதான், அந்தி வானத்தின் மெல்லிய மாற்றத்துக்கு அது போதவே போதாது. நிறப் படிகள் மிக அதிகம் உள்ள 16 பிட் இஎக்ஸ்ஆர் (EXR) கோப்புகளாகத்தான் வேண்டும் என்று வேலை கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபியூஷன் பயன்படுத்தினால் 32 ஜிபி ராம் வேண்டும் என்று நிறுவனமே சொல்கிறது. நாங்கள் 16-ல் ஆரம்பித்துவிட்டு ஒரு மாதம் கழித்துத்தான் ஏற்றினோம், அந்த மாதத்தின் பாதி காத்திருப்பதிலேயே போனது. முடிந்த ஷாட்டை உடனே ரெண்டர் செய்து டைம்லைனில் மேல் டிராக்கில் வைத்துவிட்டால் எடிட்டிங் இலகுவாக ஓடும். இன்னொன்று, படம் நடுவில் இருக்கும்போது புதிய பதிப்புக்கு மாறாதீர்கள், மாற்றிய பிராஜெக்ட் பழைய பதிப்பில் திறக்காது.

மென்பொருளால் தீர்க்க முடியாத விஷயமும் இருக்கிறது. தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் கோப்பான டி.சி.பி.யை டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் அகலத்திரையான ஸ்கோப் அளவில், 2048×858-ல் செய்து தியேட்டரில் போட்டுப் பார்த்தோம். ராத்திரிக் காட்சிகள் அத்தனையும் மூழ்கிப் போயிருந்தன, யாளியின் கண் இருக்கிற இடமே தெரியவில்லை. தியேட்டர் திரையில் வெள்ளையின் வெளிச்சம், நிட் என்ற அலகில், 48தான். நாங்கள் அறையில் விளக்கு எரிய, பிரகாசமான மானிட்டரில் கிரேட் செய்திருந்தோம். கடைசியில் கலர் திருத்துவதற்கான ஒரு டி.ஐ. அறையை அரை நாள் வாடகைக்கு எடுத்து, நம் பிராஜெக்டையே அங்கே திறந்து, இருட்டுக் காட்சிகளை மட்டும் சரி செய்தோம். அந்த அரை நாள் வாடகையை முதல் பட்ஜெட்டிலேயே ஒதுக்கி வையுங்கள். ஆறு சேனல் கொண்ட 5.1 சவுண்ட் மிக்ஸும் அப்படித்தான், டிராக்குகளை ஃபேர்லைட்டில் சுத்தம் செய்து அடுக்கிக்கொண்டு போய், ஸ்பீக்கர் ஒழுங்காக வைத்திருக்கும் அறையில் முடியுங்கள், ஹெட்ஃபோனில் வேண்டாம்.

விலை 295 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. இங்கே வாங்கும்போது வரியெல்லாம் சேர்ந்து கூடும். சி.ஜி. அதிகம் இல்லாத, பகல் வெளிச்சத்தில் எடுத்த சின்னப் படமென்றால் இலவசப் பதிப்பே 4கே யுஹெச்டி வரை வெளியே எடுத்துக் கொடுக்கும், தாராளமாகப் போதும். ஸ்டுடியோ உரிமச் சாவியை இரண்டு கணினிகளில் ஏற்றலாம். எங்களில் ஒருவர் ஷாட் இணைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் பக்கத்து அறையில் டப்பிங்கை அடுக்கிக்கொண்டிருந்தார்.