டிராப்டவுனில் தேர்ந்தது டேட்டாவில் என்னவாகச் சேர்கிறது? ரியாக்ட், வியூ, ஆங்குலர், ஸ்வெல்ட்

மாவட்டத்தைத் தேர்ந்தால் அதன் வட்டங்கள் அடுத்த டிராப்டவுனில் வர வேண்டும். ரியாக்டில் எழுதியிருந்தேன் (ரியாக்ட், வியூ, ஆங்குலர், ஸ்வெல்ட் நான்கும் வலைப்பக்கங்கள் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள்). ஐடி 3 உள்ள மாவட்டத்தைத் தேர்ந்தால் இரண்டாவது பட்டியல் காலி. கன்சோலில் பார்த்தேன், 3 என்றுதான் இருந்தது. அரைநாள் கழித்துத்தான் பிடிபட்டது: அது எண் இல்லை, ஸ்ட்ரிங், அதாவது எழுத்தாக இருக்கும் 3. குரோமில் இரண்டுக்கும் நிறம் மட்டும்தான் வேறு. வகையையும் சேர்த்துப் பார்க்கும் மூன்று சமக்குறி (===) போட்டு ஒப்பிட்டதால் ஒன்றும் பொருந்தவில்லை.

தவறு ரியாக்டுடையது அல்ல. எச்டிஎம்எல்லில் ஆப்ஷனின் (பட்டியலில் உள்ள ஒரு வரியின்) வேல்யூ எப்போதுமே ஸ்ட்ரிங்தான். ரியாக்ட் அதை அப்படியே கையில் கொடுத்துவிடுகிறது. எண் வேண்டுமானால், தேர்வு மாறும்போது ஓடும் ஆன்சேஞ்சில் நாமே மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. 'தேர்வு செய்க' என்ற வெற்று ஆப்ஷனை நம்பர் ஃபங்ஷனால் எண்ணாக மாற்றினால் 0 வரும். அதை முதலிலேயே தனியாகக் கவனித்துவிடுங்கள்.

வியூவில் இந்தப் பாடு குறைவு. செலக்டில் டேட்டாவோடு இணைக்கும் வி-மாடல், ஆப்ஷனில் வேல்யூவுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி, அவ்வளவுதான். எண் எண்ணாகவும், ஆப்ஜெக்ட் (ஐடி, பெயர் போன்ற ஃபீல்டுகள் சேர்ந்த தொகுப்பு) ஆப்ஜெக்டாகவும் வந்து சேரும். முன்பு சேமித்ததைத் திருத்தும் எடிட் பக்கத்தில் இதன் அருமை புரியும். சர்வரிலிருந்து வந்த மாவட்ட ஆப்ஜெக்டும் பட்டியலில் உள்ளதும் நினைவகத்தில் வெவ்வேறு. ஆனால் வியூ உள்ளே இருப்பதை ஒப்பிட்டுச் சரியான வரியைக் காட்டும். ஒரு ஃபீல்டு கூடுதலாக இருந்தால் மட்டும் பொருந்தாது. அப்புறம், ஆரம்ப மதிப்பு எந்த ஆப்ஷனோடும் பொருந்தாவிட்டால் ஐபோனில் முதல் வரியைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போகலாம். டிசேபிள் செய்த வெற்று ஆப்ஷன் ஒன்றை மேலே வையுங்கள் என்று வியூவின் ஆவணமே சொல்கிறது.

ஆங்குலரில் ஆப்ஷனை வேல்யூ என்று கட்டினால் (இணைத்தால்) ஸ்ட்ரிங், என்ஜிவேல்யூ என்று கட்டினால் எண்ணோ ஆப்ஜெக்டோ அப்படியே வரும். ஆனால் ஆப்ஜெக்டை ஒப்பிடும்போது, உள்ளே இருப்பதை அல்ல, நினைவகத்தில் அதே ஆப்ஜெக்ட்தானா என்று பார்க்கும். அதனால் எடிட் பக்கத்தில் டேட்டா இருந்தும் பெட்டி வெறுமையாக நிற்கும். பதிப்பு 4-இல் வந்த கம்பேர்வித் இதற்குத்தான்: இரண்டின் ஐடியையும் ஒப்பிடும் சிறு ஃபங்ஷன் ஒன்றைக் கொடுத்தால் போதும். என்ஜிவேல்யூ போட்ட ஆப்ஷனை இன்ஸ்பெக்ட் செய்து பாருங்கள், வேல்யூ '1: ஆப்ஜெக்ட்' என்ற வடிவில் இருக்கும். வேல்யூவை வைத்து ஆப்ஷனைத் தேடும் டெஸ்ட்கள் அங்கே உடையும்.

ஸ்வெல்டில் டேட்டாவோடு இணைக்கும் பைண்ட் எழுத வியூ போலவே சுலபம், ஒப்பீடு ஆங்குலர் போல. ஆரம்ப மதிப்பு இல்லையென்றால் முதல் ஆப்ஷனைத் தானே நிரப்பிவிடும். பயனர் தொடாமலேயே முதல் மாவட்டம் சேமிக்கப்படுவது எனக்குச் சம்மதமில்லை.

எடிட் பக்கங்கள் நிறைய இருந்தால் நான் வியூவை எடுப்பேன். ஆனால் எதை எடுத்தாலும் டேட்டாவில் முழு ஆப்ஜெக்டை வைக்காமல் ஐடியை மட்டும் வையுங்கள். ஆங்குலரில் எண் ஐடியை என்ஜிவேல்யூவில் கட்டினால் கம்பேர்வித்தே தேவைப்படாது.