எல்மோ எஸ்டி-1200 சூப்பர் 8 புரொஜெக்டர்: ரிப்பேரும் உதிரிபாகமும்

சூப்பர் 8 என்பது வீட்டில் படமெடுக்கப் பயன்பட்ட 8 மி.மீ. ஃபிலிம். அதைச் சத்தத்தோடு ஓட்டும் பேசும் புரொஜெக்டர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "படம் தெளிவா இருக்குமா, சத்தம் நல்லா வருமா" என்றுதான். இரண்டுக்கும் பதில் ஆமாம்தான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் எந்த நிலையில் இருக்கின்றன, போய்விட்டால் மாற்று கிடைக்குமா? ஜப்பானில் செய்த எல்மோ எஸ்டி-1200ஐக் கோவையில் என் வீட்டில் பல வருஷமாக ஓட்டிவருகிறேன். அதில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் எனக்கு ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை ரப்பராலும் பிளாஸ்டிக்காலும் வந்தவை.

பெயரில் உள்ள 1200, அது தாங்கும் ரீலின் நீளம், அடிக்கணக்கு. நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் அது சரியாக ஒரு மணி நேரம் ஓடும். வீட்டில் எடுத்த 50 அடிச் சுருளோ 18 ஃபிரேம் வேகத்தில் மூன்று நிமிடம் இருபது நொடிதான். கோடாக் சூப்பர் 8ஐக் கொண்டுவந்தது 1965இல். எடுக்கும்போதே சத்தமும் பதிவாகும் ஃபிலிம் 1973இல் வந்து 1997இல் நின்றுபோனது. ஆகவே அலமாரியில் இருக்கும் சுருள்கள்தான் நம் சொத்து. அவற்றைக் கிழிக்காமல் ஓட்டும் மெஷின் வேண்டும்.

சரி, முதல் எதிரி வெள்ளை நிறத்தில் இருக்கும் வோர்ம் கியர். திருகு மாதிரி மரை வெட்டிய ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு, இரும்புத் தண்டின் மேல் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் வயதாகிச் சுருங்கும்போது தண்டு அதற்கு இடம் கொடுக்காது. நீளவாக்கில் மயிரிழை விரிசல் விடும். முதலில் "டக் டக்" என்று சீரான சத்தம் கேட்கும், படம் லேசாக நடுங்கும். பிறகு ஒருநாள் மோட்டார் சுற்றும், ஆனால் ஃபிலிமை இழுக்கும் பல்சக்கரம் நின்றுவிடும். அந்தச் சத்தம் வந்ததுமே நிறுத்திவிடுங்கள். விளக்குக்கு எதிரே ஃபிலிம் நின்றால் அந்த ஃபிரேம் கருகிவிடும்.

இதற்குப் புது கியர் செய்து விற்பவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். நான் ஒன்று வரவழைத்தேன். தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து கியரின் விலையைத் தாண்டிவிட்டன. அடுத்த முறை இங்கேயே ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினேன். உடைந்த கியரைத் தூக்கிப் போடாமல், நூல் சுற்றி ஒட்டி, மாதிரியாகக் கொண்டுபோனதால்தான் பட்டறைக்காரரால் மரையின் இடைவெளியை அளக்க முடிந்தது. கழற்றும் முன், ஃபிலிம் நகரும்போது வெளிச்சத்தை மறைக்கும் ஷட்டர் தகடும் தண்டும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மாட்டும்போது ஷட்டர் கொஞ்சம் தள்ளிப்போனாலும், திரையில் வெள்ளை எழுத்துகள் மேலும் கீழும் இழுபட்டதுபோல் தெரியும்.

அப்புறம் பெல்ட். அந்தக் காலத்துப் புரொஜெக்டர்கள் பலவற்றில் பழைய பெல்ட் உருகித் தார்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் கப்பிகளைப் பொறுமையாகத் துடைக்க வேண்டும். மாற்றுப் பெல்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. பேக்கிங் மெஷின் உதிரிபாகக் கடைகளில் உருண்டையான பியூ (பாலியூரித்தேன்) பெல்ட் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. வெட்டி, முனைகளைச் சூடுபடுத்தி ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அதை ரீல் சுற்றும் பக்கம் மட்டும் போடுங்கள். மோட்டார் பெல்ட்டில் ஒட்டு இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த முடிச்சு கப்பியில் ஏறி இறங்கும். படத்தில் கண்ணுக்குத் தெரியாது, பாட்டில் காதுக்குத் தெரிந்துவிடும். நாதஸ்வரம் நீட்டி ஊதும் இடத்தில் சுருதி அலைவதைக் கேட்டால் புரியும். மோட்டாருக்கு ஒட்டில்லாத பெல்ட்தான்.

பல்பைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். தேவையில்லை. என்னுடையதில் இருப்பது இஎஃப்ஆர் வகை, 15 வோல்ட், 150 வாட். அதே பல்பு எண்டோஸ்கோப்பி விளக்குகளிலும் இருப்பதால் மருத்துவக் கருவிக் கடையில் சொன்னால் எடுத்துத் தருகிறார்கள். கண்ணாடியை வெறுங்கையால் தொடாமல் மாட்டினால் போதும்.

சத்தத்துக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஃபிலிமின் ஓரத்தில் பழுப்பு நிறக் காந்தப் பட்டை இருக்கும். படத்துக்கு உரிய சத்தம் 18 ஃபிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். அதனால் ஃபிலிமின் லூப், அதாவது தளர்வாக விடும் வளைவு, சரியாக இல்லாவிட்டால் உதடும் பேச்சும் பிரிந்துபோகும். சத்தம் மந்தமானால், அந்தப் பட்டையிலிருந்து சத்தத்தை எடுக்கும் ஹெட்டை உடனே குறை சொல்லாதீர்கள். ஓடும்போது பஞ்சு சுற்றிய குச்சியால் ஃபிலிமை ஹெட்டின் மேல் மெல்ல அழுத்திப் பாருங்கள். "ச", "ஸ" எழுத்துகள் சட்டென்று தெளிவானால் தேய்ந்தது அழுத்தும் கம்பளித் துண்டுதான். அதை மாற்றுவது சுலபம். கரகரப்பு வந்தால் பெரும்பாலும் பதிவு செய்யும் சுவிட்சில் அழுக்கு. விடாமல் உறுமினால் ஆம்ப்ளிஃபயரில் கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கும். இவை எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். ஹெட்டே தேய்ந்திருந்தால் மட்டும் வேறொரு மெஷினிலிருந்து எடுப்பதுதான் வழி.

வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது "டெஸ்ட் செய்தது" என்ற சொல்லை நம்பிவிட வேண்டாம். எனக்கு அப்படி வந்த ஒன்றில் பல்பு எரிந்தது, மோட்டார் சுற்றியது, அவ்வளவுதான். ஃபிலிம் ஓடும் வீடியோவை, சத்தத்தோடு, கேளுங்கள். அமெரிக்க மெஷின் என்றால் இன்னொரு சிக்கல்: 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றும். 24 ஃபிரேம் 20 ஆகிவிடும், பாடுகிறவர் குரல் கட்டையாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், இதை மாற்றாது. கப்பியை மாற்ற வேண்டும்.

ஆஸ்திரியாவின் யூமிக் புரொஜெக்டர்களும் அருமையானவைதான். ஆனால் அவற்றின் ஓட்டமே ரப்பர் சக்கரங்களின் உராய்வில் இருக்கிறது, நிறுவனமும் 1980களின் தொடக்கத்திலேயே நொடித்துப்போய்விட்டது. இங்கே உட்கார்ந்துகொண்டு பழுது பார்க்க எனக்கு எல்மோதான் தோதாக இருக்கிறது. இன்னொரு எஸ்டி-1200 ஓடாத நிலையில் மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவையுங்கள். அதன் கியர் உடைந்திருக்கலாம். ஹெட்டும் லென்ஸும் நன்றாக இருந்தால் போதும், அவை இரண்டையும் எந்தப் பட்டறையிலும் கடைந்து வாங்க முடியாது.