எட்டேகால் கப்பல்

எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஈரோடு மாவட்டப் புளியம்பட்டியில் இரவு எட்டேகாலுக்குப் புறப்படும். அதை விட்டால் ஆட்டோதான். ஆட்டோக்காரர் “ராத்திரி ஆயிப்போச்சுங்களே” என்று ஆரம்பித்தாரென்றால் அந்த ஆறு கிலோமீட்டருக்கு என்ன கேட்பார் என்று யாருக்கும் தெரியாது. போன டிசம்பரில் ஊரிலிருந்த பதினெட்டு நாளும் எங்கள் பிள்ளைகள் அந்தப் பஸ்ஸைக் கப்பல் என்றே சொல்லித் திரிந்தார்கள். “கப்பலுக்கு நேரமாச்சுங் அத்தை!” என்று என் அண்ணன் மகன் கோவை காந்திபுரத்தில் நின்று கத்தியபோது பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

பெயர் வந்த கதை இது. ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குக் கப்பலில் போனோம். காலையில் ஜார்ஜ்டவுனில் இறக்கிவிட்டு மாலையில் கிளம்பிவிடும். கப்பலுக்குள்ளேயே விற்ற சுற்றுலாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நான்கு பேரும் இறங்கி நடந்தோம். நகருக்குள் சுற்றிவர CAT என்ற இலவச பஸ் இருக்கிறது. சீனக் குலத்தார் கடல்மேல் கால் நட்டுக் கட்டிய மரவீடுகள் நடக்கிற தூரம். 2012இல் வரைந்த சுவரோவியங்களைத் தேடித் தேடி என் மகனும் மகளும் சந்துசந்தாக அலைந்தார்கள். சாப்பாடு லிட்டில் இந்தியாவில். மொத்தச் செலவு கப்பல்காரர் கேட்டதில் கால்வாசிகூட இல்லை. ஒரே கட்டுப்பாடு, கடைசி ஒரு மணி நேரத்தைத் தொடக்கூடாது. எங்கே நின்றாலும் துறைமுகம் பார்த்துத் திரும்பிவிட வேண்டும்.

கொங்கு நாட்டில் கடலுமில்லை, கப்பலுமில்லை. ஆனால் என் இரண்டு பேர், கோலாலம்பூரிலிருந்து வந்த தங்கையின் இரண்டு பேர், உள்ளூரில் அண்ணன் பெற்ற மூன்று என ஏழு பிள்ளைகள். எல்லாம் பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது. ஒரே கிழவியை மூன்று பேர் அப்பத்தா என்கிறார்கள், நான்கு பேர் அமுச்சி என்கிறார்கள். மூன்று நாள் வீட்டில் அடைத்து வைத்தாலே ஓடு பெயர்ந்துவிடும். ஒரு டிராவல்ஸில் வேன் கேட்டேன். நாளுக்கு ஏழாயிரம் என்றார்கள். சரியென்று சொல்ல வாயெடுக்கும்போது டிரைவர் பேட்டா தனி, டோல் தனி, பார்க்கிங் தனி, மலையேறினால் அதற்கும் தனி என்று அடுக்கினார்கள். வெளிநாட்டு நம்பரிலிருந்து பேசியது என் தப்பு. மறுநாள் அண்ணன் பேசியதற்கு அதே வேன் ஐயாயிரத்து ஐநூறுக்கு இறங்கியது. அதற்குள் எனக்கு ரோசம் வந்துவிட்டது. பஸ்ஸிலேயே போவோம், எட்டேகால் பஸ்தான் நம் கப்பல், அதே கடைசி மணி நேர விதி என்றேன். அம்மா மட்டும், “ஒறம்பரை வந்த புள்ளைகளப் பஸ்ஸுல ஏத்தறயா?” என்று இரண்டு நாள் முனகிக்கொண்டே இருந்தார்.

முதல் வெளியூர் எங்கள் புளியம்பட்டியேதான். வியாழக்கிழமை சந்தை. விடிவதற்குள் போய்விட வேண்டும். மாடு விற்பவரும் வாங்குபவரும் தரகரும் வாய் திறக்காமல் ஒரு துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். வெளியே முகத்தில் ஒன்றும் தெரியாது. துண்டு மட்டும் எலி புகுந்த மாதிரி அசையும். ஒரு தரகர் என் மகனைக் கூப்பிட்டுத் தன் துண்டுக்குள் கை விடச் சொன்னார். இரண்டு விரலைப் பிடித்து அழுத்திவிட்டு, “எவ்வளவுன்னு சொல்லுங் தம்பி” என்றார். இவன் “இருநூறு?” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த காளை மிரண்டது. கட்டணம் ஏதுமில்லாத இந்தக் காட்சியை எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. செருப்பு மட்டும் பழசாகப் போட்டுக்கொண்டு போங்கள்.

கொடிவேரிக்கு இரண்டு பஸ். சத்தி என்கிற சத்தியமங்கலத்தில் இறங்கி, கோபிசெட்டிப்பாளையம் பஸ் பிடித்து, பிரிவில் இறங்க வேண்டும். பவானி ஆறு அகலமாக ஒரு கல்லணைமேல் ஏறி வழிந்து விழும் இடம். உயரம் அதிகமில்லை, பதினைந்தடிதான் இருக்கும். அதனால்தான் பிள்ளைகளுக்கு ஏற்றது. நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்தது சில்லறைக் காசு. இங்கிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,504 ஏக்கரை நனைக்கின்றன. கோபிப் பக்கம் பச்சையாக இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று என் அண்ணன் மகன், மூத்தவன், விளக்கிக்கொண்டு வந்தான். யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோருக்கும் கண் மீன் வறுக்கிற சட்டிமேல் இருந்தது.

அந்த மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நனைந்த துணியோடு பல் கிடுகிடுக்க வந்து நின்றால், மிளகாய்ப்பொடி அப்பிய மீனை எண்ணெயிலிருந்து எடுத்து அப்படியே காகிதத்தில் போட்டுத் தருகிறார்கள். முள்ளெடுத்துச் சாப்பிடத் தெரியாத கோலாலம்பூர்ப் பையனுக்குக் கடைக்கார அக்காவே ஒரு மீனைப் பிரித்துக் கொடுத்து, “நடுமுள்ளப் புடிச்சு இழுங் கண்ணு, மொத்தமா வந்துரும்” என்று சொல்லிக்கொடுத்தார். நான்காவது மீனில் தேறிவிட்டான். பரிசலில் ஒரு சுற்றும் போனோம். விலையை ஏறுவதற்கு முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், நடு ஆற்றில் பேசவேண்டாம். ஒரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆழமும் சுழலும் உண்டு, உயிர் போன இடம். பவானிசாகரில் தண்ணீர் அதிகமாகத் திறந்துவிட்டால் குளிக்கவே விடமாட்டார்கள். கிளம்பும் முன் உள்ளூரில் ஒருவருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. திரும்பும் வழியில் 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணைக்கும் போகத்தான் நினைத்தோம். மணி நான்கைத் தாண்டியிருந்தது. கப்பல் விதி. விட்டுவிட்டோம்.

திருப்பூரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காதர்பேட்டையில் ஏற்றுமதிக்குப் போகாமல் தங்கிய சட்டைகள் மலைமலையாகக் கிடக்கின்றன. தையல் பிசகு, பட்டன் இல்லை, அளவுச் சீட்டு மாறியது என்று ஏதோ ஒரு குறை இருக்கும். எந்தக் குறையென்று கண்டுபிடிப்பதே ஏழு பேருக்கும் விளையாட்டாகிவிட்டது. சிங்கப்பூரில் ஒன்று வாங்கும் காசுக்கு இங்கே ஆளுக்கு மூன்று. ஸ்டேஷன் பக்கத்திலேயே குமரன் நினைவகம். 1932 ஜனவரியில் கையில் கொடியோடு அடிபட்டு இறந்தவர் என்று சொன்னதும் என் மகள், “எத்தனை வயசும்மா?” என்று கேட்டாள். இருபத்தேழு என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் இன்னும் பேசிக்கொண்டிருப்பது கடைசிப் பயணத்தைத்தான். ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. கிடைக்காது, பல வாரம் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். ஏறத்தான் முடியாது, பார்க்கலாமே என்று முடிவு செய்தோம். விடியுமுன் கிளம்பும் முதல் டவுன் பஸ். கண்டக்டர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டிக்கெட் கிழித்தார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. என் மகளுக்கு உறுத்தல். “அம்மா, நாம இந்த நாட்டுக் குடிமக்களே இல்லையே?” என்று என்னிடம் கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது. “பொம்பளப் புள்ளைதானுங்? உக்காருங்” என்றார். பையன்கள் நான்கு பேருக்கும் மட்டும் டிக்கெட். இது டவுன் பஸ்ஸில் மட்டும்தான். வெளியூர் பஸ்ஸிலும் தனியார் பஸ்ஸிலும் எல்லோரும் காசு கொடுத்தாக வேண்டும். தனியார் பஸ்ஸில் கொடுக்கிற காசுக்குப் பாட்டும் சேர்த்தி, காது அடைக்கும்வரை.

புளியம்பட்டியில் மாறி, சிறுமுகை வழியாக மேட்டுப்பாளையம். ஸ்டேஷனில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், கோவைக்குப் போகும் பாசஞ்சர் ரயிலுக்கு அப்போதே டிக்கெட் எடுத்தது. தலைக்குப் பத்துப் பதினைந்து ரூபாய். பிளாட்பாரத்தில் நிற்கவும் அதுவே போதும். ஏழு பத்துக்கு மலைரயில். எஞ்சின் முன்னால் இல்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. இதைப் பார்த்து என் மகன் “தப்பா மாட்டிட்டாங்க” என்றான். அங்கே நின்ற ரயில்வே ஊழியர் ஒருவர் அவனை அழைத்துப்போய்க் காட்டினார். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளம் தொடங்குமாம். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். பன்னிரண்டடி போனால் ஓரடி ஏற்றம். பெட்டி நழுவினாலும் எஞ்சின் கீழே இருந்து தாங்கிக்கொள்ளும். 1899இல் குன்னூர்வரை போட்ட பாதை, 1908இல் ஊட்டியைத் தொட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர். எஞ்சின்களில் சில நம் திருச்சி பொன்மலையில் செய்தவை என்று சொல்லும்போது அவர் குரலே மாறியது. நீராவி எங்கள் முகத்தில் அடித்து, கண்ணாடி மூடுபனியாகி, துடைத்துப் பார்ப்பதற்குள் ரயில் வளைவில் திரும்பிவிட்டது. உள்ளே ஏறிய அத்தனை பேரும் ஜன்னல் வழியே எங்களைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

பாசஞ்சரில் காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் கடந்து வடகோவையில் இறங்கினோம். கொஞ்ச தூரம் நடந்தால் வனக்கல்லூரி வளாகத்துக்குள் கேஸ் வன அருங்காட்சியகம். 1902இல் வனத்துறை அதிகாரி கேஸ் ஏற்படுத்தியது. பாடம் செய்த விலங்குகள், பாம்புகள், பூச்சிகள், விதவிதமான மரத்துண்டுகள். குளிர்சாதனம் இல்லை, தொடுதிரை இல்லை, மங்கிய எழுத்தில் பெயர்ச்சீட்டு. இது பிள்ளைகளுக்கு அலுக்கும் என்றுதான் நினைத்தேன். காட்டுமாட்டின் முன்னால் நின்று யார் உயரம் அதன் தோளுக்கு வருகிறது என்று வரிசையாக அளந்து பார்த்தார்கள். வார நாளில் போங்கள். விடுமுறை நாளில் போய்க் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

மதியம் ஒரு பஸ் நிலையத்தில் கட்டணக் கழிப்பிடம். பெயர் வேண்டாம். பலகையில் ஒரு தொகை, கேட்டது அதைப்போல் இரண்டு மடங்கு, உள்ளே குழாயில் தண்ணீர் இல்லை. மூன்று பெண்பிள்ளைகளோடு போகிறவருக்கு ஊர்ப் பயணத்தில் உண்மையான கஷ்டம் இது ஒன்றுதான். பஸ் நெரிசலையும் வெயிலையும் மறந்துவிடலாம், இதை மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எங்கே ஓட்டலில் சாப்பிட்டாலும் கிளம்புமுன் எல்லோரையும் கட்டாயமாக அனுப்பினேன். இன்னொரு சங்கடம் சில்லறை. கையில் ஐநூறு ரூபாய்த் தாள்களாக வைத்திருந்தேன். டீக்கடை முதல் இளநீர் வண்டிவரை “ஜீப்பே பண்ணிருங்” என்றார்கள். வெளிநாட்டு நம்பரை வைத்துக்கொண்டு நான் முழிக்க, அண்ணன் கொடுத்தனுப்பிய ஃபோனில் மூத்தவன்தான் எல்லாவற்றையும் கட்டினான். என் மகள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். புறப்படும்போதே புளியம்பட்டியில் ஆயிரம் ரூபாயைப் பத்து இருபதாக மாற்றி வைத்திருக்க வேண்டும்.

பிற்பகலில் அவினாசி ரோட்டில் ஜி.டி.கார் அருங்காட்சியகம். 2015இல் திறந்தது. ஜி.டி. நாயுடு பெயரிலேயே அந்த ரோட்டுக்கு மேலே பத்து கிலோமீட்டருக்கு மேம்பாலம் போட்டிருக்கிறார்கள். யாரவர் என்று கேட்ட கோலாலம்பூர்ப் பெண்ணுக்கு, கலங்கலில் பிறந்து, 1937இலேயே இங்கே மின்மோட்டார் செய்தவர் என்றேன். தாத்தா வீட்டுக் கிணற்று மோட்டாருக்கும் இவருக்கும் சொந்தமா என்று கேட்டாள். கேள்வி தப்பில்லை, பம்புசெட்டுக்குக் கோவை என்று பெயர் வந்த கதையில் அவருக்குப் பங்கு உண்டு. பையன்களை அந்தக் கார்களிடமிருந்து பிரித்து வெளியே கொண்டுவரவே முக்கால் மணி நேரம் பிடித்தது.

அதுதான் வினையானது. ஐந்தரைக்குக் காந்திபுரத்தில் சத்தி பஸ் ஏறியிருக்க வேண்டும். ரோட்டோரம் காளான் தள்ளுவண்டியைப் பார்த்துவிட்டார்கள். பெயர்தான் காளான், உள்ளே பெரும்பகுதி முட்டைக்கோஸ். பொரித்த உருண்டைகளைச் சட்டியில் போட்டுக் கரண்டியால் நசுக்கி, மசாலாவில் கிண்டி, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். கோவைப் பிள்ளைகளின் சாயங்காலமே இதுதான். ஆளுக்கு ஒரு தட்டு, பிறகு பாதித் தட்டு, பிறகு “எனக்கு வேண்டாம், அவ தட்டுல ஒரு வாய்.” பஸ் ஏறும்போது ஆறரை. அன்னூரில் நெரிசல். மூத்தவன் நின்றுகொண்டே நிமிஷத்துக்கு நிமிஷம் மணி சொல்லிக்கொண்டு வந்தான்.

புளியம்பட்டியில் இறங்கும்போது எட்டுப் பதினேழு. எங்கள் பஸ் விளக்குப் போட்டு உறுமிக்கொண்டு நின்றது. விழுந்தடித்து ஓடி ஏறினோம். விடியக்காலையில் டார்ச் கவ்விய அதே கண்டக்டர் படியில் நின்று எங்களை ஒவ்வொருவராக விரல் விட்டு எண்ணினார்.

“காலைல எட்டுப் பேருங்க. இப்ப ஏழுதானுங் ஏறியிருக்கீங்க?”

திரும்பிப் பார்த்தேன். என் மகன் இல்லை. டிரைவர் ஆரனை அழுத்தினார். கண்டக்டர் விசிலை எடுத்தவர், ஊதாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். உள்ளே முன்சீட்டிலிருந்த ஒரு பெரியவர், “இருங் சாமி, வந்துரும்” என்று டிரைவருக்குச் சொன்னார். எதிர்ப்பக்க வண்டியிலிருந்து இரண்டு கையிலும் அவித்த நிலக்கடலைப் பொட்டலங்களோடு, வழியெல்லாம் சிந்திக்கொண்டு, அவன் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தான். கண்டக்டர் அவனைத் தூக்கிப் படியில் ஏற்றி, ஒரு பொட்டலத்திலிருந்து பிடி கடலையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விசிலை ஊதினார்.