பாக்ஸ்புரோவிலிருந்து பிரவுசருக்கு: ஒரு மருந்து மொத்தக் கடையின் அனுபவம்

"அண்ணே, நீங்க மாத்திட்டீங்களே, நாங்களும் மாத்தலாமா?" என்று திண்டுக்கல்லில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் கேட்டார். போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. இதே யோசனையில் இன்னும் சில கடைக்காரர்கள் இருப்பீர்கள் என்பதால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் பழைய பில்லிங் புரோகிராம், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து பாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதியது. அதை விட்டு பிரவுசரில் ஓடும் வெப் அப்ளிகேஷனுக்கு மாறிவிட்டோம். மாற்ற வேண்டிய காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. பாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்புக்கே 2015 ஜனவரியோடு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. கரண்ட் போய் வந்தால், பதிவுகளைத் தேடித் தரும் இண்டெக்ஸ் கோப்பு உடையும். அதைச் சரிசெய்ய எல்லா மிஷினிலும் பில்லிங்கை நிறுத்த வேண்டும். இதையெல்லாம் விட்டதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

என் கோபமெல்லாம் என்டர் சாவி மேல்தான்.

மருந்து பில்லில் ஒரு வரி என்றால் பெயர், பேட்ச், எக்ஸ்பைரி, அளவு, ஸ்கீமில் போகும் இலவசம், விலை, தள்ளுபடி எல்லாம் வேண்டும். பழைய திரையில் எங்கள் பில்லிங் அக்கா மருந்தின் முதல் மூன்று எழுத்தை அடித்துவிட்டு என்டர், என்டர் என்று போய்க்கொண்டே இருப்பார். கண் ஆர்டர் சீட்டில்தான் இருக்கும். புதிய வெப் அப்ளிகேஷனில் அடுத்த கட்டத்துக்குப் போக டேப் அடிக்க வேண்டும். பழக்கத்தில் என்டர் அடித்தால் பாதி பில் அப்படியே சேவ் ஆகிவிடும்.

எஃப்5 இன்னும் மோசம். பழைய புரோகிராமில் அது பார்ட்டியின், அதாவது சரக்கு வாங்கும் கடையின், பாக்கியைக் காட்டும். பிரவுசரில் பக்கத்தையே புதிதாக ஏற்றும். அடித்த வரிகள் அத்தனையும் கண்ணெதிரே காலி. விடாமல் சொல்லிச் சொல்லி இதை மட்டும் சரிசெய்ய வைத்தோம். என்டருக்கு "அடுத்த அப்டேட்டில் வரும் சார்" என்ற பதில்தான் இன்றுவரை. "இது என் கை வேகத்துக்கு ஓட மாட்டேங்குது" என்கிறார் அக்கா. அவர் சொல்வது முழுக்க நியாயம்.

அப்புறம் எக்ஸ்பைரி. பெரும்பாலும் அட்டையில் மாதமும் வருடமும் மட்டும்தான் அச்சாகியிருக்கும். இந்தத் திரையோ காலண்டரை விரித்து வைத்துக்கொண்டு தேதி கேட்கிறது. சரக்கு வரவு வைக்கும்போது ஒவ்வொரு பேட்சுக்கும் மவுஸைப் பிடித்து மாதம் மாதமாகத் தள்ள வேண்டும். இந்த மென்பொருளைச் செய்தவர்கள் ஒரே ஒரு மாலை, சேல்ஸ்மேன்கள் ஆர்டரோடு திரும்பும் நேரத்தில் கவுண்டரில் வந்து உட்கார்ந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் முதலில் படுத்தியது. பழைய புரோகிராம் எழுத்துகளை நேராக அனுப்பும். பிரவுசர் மொத்த பில்லையும் படமாக அனுப்பியதால் பிரிண்டர் ஊர்ந்தது. கவுண்டர் மிஷினில் சின்ன புரோகிராம் ஒன்றை ஏற்றிக்கொடுத்தார்கள், சரியாகிவிட்டது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, புரோகிராம் எழுதியவர் வந்து மாற்றித்தரும்வரை கையால் பில் எழுதினோம். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. அன்று காலை கடை திறந்தபோது புதிய வரி திரையில் தயாராக இருந்தது. அந்த நிம்மதி சாதாரணமானதல்ல. 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது) கட்டாயமானதே, அதுவும் பில்லை சேவ் செய்யும்போதே முடிந்துவிடுகிறது. எக்ஸ்பைரி நெருங்கும் சரக்கின் பட்டியல் சேல்ஸ்மேன் போனிலேயே இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் நின்றுகொண்டே எந்த பேட்ச் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறார். வெறும் நஷ்டமாகப் போயிருக்க வேண்டிய சரக்கு விற்றுப்போவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

நான் பழையதற்குத் திரும்பப் போவதில்லை. ஆனாலும் நண்பரிடம் "இப்போது மாற்றாதீர்கள்" என்றுதான் சொன்னேன். மாலை நேரத்தில் அக்கா படும் பாட்டைப் பார்த்துவிட்டு வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்றால், டெமோவில் அவர்கள் ஆள் அடித்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பில்லிங் ஆளை உட்காரவைத்து, மவுஸைத் தொடாமல் முப்பது வரி பில் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு விலை பேசுங்கள்.