எலியில ஜீனையே எடுக்கிறதோ, செல்லில அடக்கிறதோ?

திருநெல்வேலிப் பக்கம் புரொஜெக்ட் செய்யிற ரெண்டு பெடியள் இதை வைச்சு ஒரு கிழமையா அடிபடுகினம். ஜீன் இன்ரெக்ரின் பீற்றா 1, செல்லை மற்றிக்ஸில, அதாவது செல்லைச் சுத்தியிருக்கிற புரத வலையில, ஒட்டி வைக்கிறதில முக்கியமான ஆள், பிடி விட்டா கன செல்லுகள் தானாச் செத்துப்போகும், அதுதான் அனோய்கிஸ்.

செலவு: நொக்அவுட் எலியெண்டா, அதாவது ஜீனை எடுத்துவிட்ட எலியெண்டா, கூடு, தீனி, எதிக்ஸ் அனுமதி எண்டு கை கடிக்கும். எஸ்ஐஆர்என்ஏக்கு, அதாவது ஜீனின்ர செய்தியை அழிச்சு அதை அடக்கிற சின்ன ஆர்என்ஏத் துண்டுக்கு, செல் கல்ச்சர் (தட்டில செல் வளர்க்கிற) வசதி இருந்தாக் காணும்.

நேரம்: எலி மாசக்கணக்கு. மற்றது நாள்க்கணக்கு, ஆனா முதலே இருக்கிற புரதம் கரையுமட்டும் பொறுக்கோணும்.

நிலைப்பு: எலியில பரம்பரைக்கும் நிக்கும். எஸ்ஐஆர்என்ஏ கொஞ்ச நாளில விட்டிடும், முழுசா அடங்கிறதும் இல்லை, மிஞ்சின துளியே செல்லை ஒட்டி வைச்சிடும், பிறகு "ஜீனுக்கு வேலையில்லை" எண்டு எழுதிப்போட்டு முழிக்கிறதுதான்.

எலியிலயும் ஒரு கொக்கி, இந்த ஜீன் முழுசா இல்லாட்டி கரு கருப்பையில பதிஞ்ச கையோட செத்திடும் எண்டு 1995லயே காட்டியாச்சு, அதால கிறீ-லொக்ஸ் எண்ட ஜீன் வெட்டுற முறையைப் போட்டு ஒரு திசுவில மட்டும் எடுக்கோணும்.

நாலு மாசப் புரொஜெக்டுக்கு எஸ்ஐஆர்என்ஏ, பிடி விட்டு மிதக்கிற செல்லையும் சேர்த்து எண்ணுங்கோ, ஊத்திப்போடாதேங்கோ. உயிருள்ள உடம்பில என்ன நடக்குதெண்டு பார்க்கிற பிஎச்டிக்கு எலிதான்.