ஏரோபாட்டிக் ஆர்சி விமானத்துக்கு எந்த கேனோபி? பல வருடம் பறக்கவிட்ட அனுபவத்திலிருந்து

ஏரோபாட்டிக் (வானில் சாகசம் காட்டும்) ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம், வாங்கும்போது இறக்கை நீளம், மோட்டார், சர்வோ என்று எல்லாவற்றையும் அலசுகிறோம். விமானி இருக்கும் இடத்தை மேலிருந்து மூடும் கேனோபியைப் பொறுத்தவரை, படத்தில் பார்க்க அழகாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் விமானம் கைக்கு வந்த பிறகு நாம் அதிகமாகத் தொடுவது அதைத்தான். எலக்ட்ரிக் என்றால் ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் பேட்டரி வைக்கக் கழற்ற வேண்டும், இறக்கியதும் பேட்டரி எடுக்க மறுபடியும் கழற்ற வேண்டும். இத்தனை முறை திறந்து மூடும் ஒன்றைக் கண்ணாடி மூடியாகப் பார்ப்பதை விட ஒரு கதவாகப் பார்ப்பதே சரி. கதவுக்கு நிலையும் தாழ்ப்பாளும்தான் முக்கியம். கேனோபிக்கும் அப்படித்தான்: அடியில் இருக்கும் ஃபிரேமும், உடலோடு பிடித்து வைக்கும் லாட்ச்சும் சரியாக இருந்தால் பிளாஸ்டிக் எதுவானாலும் ஓரளவு உழைக்கும். அவை சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல பிளாஸ்டிக்கும் உடையும்.

சரி, முதலில் பொருளைப் பற்றி. ஒளி ஊடுருவும் பெட்ஜி (PETG) பிளாஸ்டிக், பாலிகார்பனேட், பெயின்ட் அடித்த ஃபைபர்கிளாஸ் ஆகிய மூன்றையும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன்.

பெட்ஜி கேனோபியை வெட்டுவது எளிது, பளிச்சென்று இருக்கும், உள்ளே இருக்கும் பைலட் பொம்மையும் இன்ஸ்ட்ருமென்ட் பேனலும் நன்றாகத் தெரியும். ஐமாக் (IMAC) என்னும் ஸ்கேல் ஏரோபாட்டிக் மாடல் போட்டிகளில் பறக்கவிடுபவர்களுக்கு இது அலங்காரம் மட்டுமல்ல. பைலட் உருவமும் பேனலும் இல்லாவிட்டால் மதிப்பெண்ணில் 1 சதவீதம் குறைப்பார்கள். பெட்ஜியின் பலவீனம் வெப்பம். 80 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே அது இளக ஆரம்பித்துவிடும். வெயிலில் நிறுத்திய காரின் பின்கண்ணாடியை ஒட்டி கேனோபியை வைத்தால், ஓரம் நெளிந்து பிறகு ஃபிரேமில் உட்காராமல் போகும் வாய்ப்பு உண்டு. துணிப்பையில் போட்டு, சீட்டுக்குக் கீழே நிழலில் வைத்தால் அந்தக் கவலை இல்லை.

பாலிகார்பனேட் வெப்பம் தாங்கும். அது இளகுவது 147 டிகிரிக்கு அருகில்தான். அடிபட்டாலும் சில்லாகச் சிதறாது. அதனால் இதுதான் சிறந்தது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, காரணம் ரசாயனம். அசிட்டோன், பெட்ரோல், சில பெயின்ட் தின்னர்கள், திருகு கழன்று விடாமல் இருக்கப் போடும் திரெட்லாக்கர் திரவம் ஆகியவை பாலிகார்பனேட்டில் பட்டால், ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் இடங்களில் மயிரிழை விரிசல் விழும். கேனோபி திருகு கழன்றுவிடக் கூடாது என்று ஒரு சொட்டு திரெட்லாக்கர் வைத்தால், அது ஓட்டையைச் சுற்றிப் பரவி, சில நாட்களில் விரிசல் நட்சத்திரம் போல் பிரிந்து போகும். திருகு இறுக்கமாக நிற்க வேண்டுமென்றால் அடியில் ரப்பர் வாஷர் போதும். மீதெல்லாம் நன்றாக இருந்தாலும் பெட்ரோல் எஞ்சின் விமானத்துக்கு நான் பாலிகார்பனேட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை.

ஃபைபர்கிளாஸ் வேறு ரகம். எஃப்3ஏ பேட்டர்ன் விமானங்களில் (சாகச உருவங்களை வரிசையாகப் பறந்து காட்டும் போட்டி வகுப்பு இது; இறக்கையும் நீளமும் 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் விதி) பெயின்ட் அடித்த ஃபைபர் கேனோபிதான் பரவலாகப் பார்க்கக் கிடைக்கும். அதற்குக் காரணம் உண்டு. ஓடே விறைப்பாக இருப்பதால் தனி ஃபிரேம் பெரிதாகத் தேவைப்படாது, கீறல் தெரியாது, உடைந்தால் மெல்லிய கண்ணாடித் துணியும் எபாக்சியும் வைத்து உள்பக்கம் ஒட்டிவிடலாம். பெட்ஜியில் உடைந்த இடம் உடைந்ததுதான். கறுப்பு அல்லது கடும் நீல பெயின்ட் மட்டும் வேண்டாம் என்பேன். வெயிலில் கிடந்தால் அடியில் இருக்கும் லைப்போ பேட்டரி பறக்கும் முன்பே சூடேறிவிடுகிறது.

தடிமன் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள கேனோபியை 0.75 மி.மீ. பெட்ஜியில் செய்தால் சுமார் 95 கிராம், 0.5 மி.மீ. என்றால் சுமார் 64 கிராம். 30 கிராம் மிச்சம் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் வேக்யூம் ஃபார்மிங்கில் (சூடாக்கிய ஷீட்டை காற்றை உறிஞ்சி அச்சில் படிய வைக்கும் முறை) ஷீட் அச்சின்மேல் இழுபடும்போது மேலும் மெலிகிறது, ஆழமாக இழுபடும் இடத்தில் அதிகமாகவே. 0.5 மி.மீ. ஷீட்டில் செய்த கேனோபியைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள், டப் என்று உள்ளே போய் வெளியே வரும். நைஃப் எட்ஜில் (விமானம் பக்கவாட்டில் சாய்ந்து, இறக்கை செங்குத்தாக நிற்கப் பறப்பது) ஒரு பக்கம் காற்று அழுத்தி மறுபக்கம் இழுக்கும்போது நடப்பதும் அதுவேதான். தாழ்வாகப் பறந்தால் அந்தச் சத்தம் தரையிலேயே கேட்கும். அப்படி மடங்கி மடங்கித்தான் ஓரத்தில் விரிசல் பிறக்கிறது. கேனோபி பெரும்பாலும் பேலன்ஸ் புள்ளிக்கு அருகிலேயே இருப்பதால் அந்த 30 கிராம் விமானத்தின் பேலன்ஸைப் பெரிதாக மாற்றாது. ஆகவே நடுத்தர, பெரிய விமானங்களுக்கு 0.75 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்பதே என் முடிவு.

இப்போது லாட்ச். விமானம் வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும்போது காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 550 நியூட்டன் வாக்கில் இருக்கும். கேனோபியின் வளைந்த மேல்பகுதியில் காற்று வேகமெடுப்பதால் அங்கே உறிஞ்சல் உண்டாகிறது. அதில் பாதி அழுத்தமே மேலே இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 40 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கேனோபியை ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விசை தூக்குகிறது. இது வெளியே நடப்பது மட்டும். மூக்கில் கௌலிங் (மோட்டாரை மூடும் உறை) வழியாக நுழையும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால், உள்ளிருந்தும் தள்ளும். பறக்கும்போது பிய்ந்துபோகும் கேனோபிகளில் பாதிக்கும் மேல் இந்த உள்காற்றால்தான் போகின்றன என்பது களத்தில் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த எண்ணம். பிய்ந்த கேனோபி சும்மா விழுந்துவிடாது, நேராகப் பின்னால் போய் வாலில் மோதக்கூடும்.

அதனால் புது விமானத்தில் நான் முதலில் பார்ப்பது வயிற்றுப் பகுதியின் பின்னால் காற்று வெளியேறும் திறப்பு. உள்ளே வரும் திறப்பைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது மாடல்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. பல ரெடிமேட் விமானங்களில் திறப்பு வெட்டப்பட்டிருக்கும், ஆனால் அதன்மேல் ஃபிலிம் ஒட்டியே வந்திருக்கும். அந்த ஃபிலிமை வெட்டி எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து உறுதியாகப் பிடித்துக்கொள்ள, முழு திராட்டில் கொடுத்து, கேனோபியின் பின்விளிம்பு தூக்குகிறதா என்று பாருங்கள். தரையிலேயே இடைவெளி தெரிந்தால் வானத்தில் நிலைமை மோசமாகத்தான் இருக்கும்.

சிறிய ஃபோம் விமானங்களுக்குக் காந்தம் போதும். ஒரு மீட்டர் இறக்கையைத் தாண்டினால் வெறும் காந்தத்தை நான் நம்புவதில்லை. காந்தம் நேராக இழுத்தால் பிடிக்கும், பக்கவாட்டில் நகர்த்தினால் எளிதாக விட்டுக்கொடுக்கும். சட்டெனச் சுழலும் ஸ்னாப் ரோலிலும் குட்டிக்கரணம் போடும் டம்பிளிலும் விமானத்தின் உடல் முறுக்கும்போது விசை வருவது பக்கவாட்டில்தான். எனக்கு நீண்ட நாள் உழைத்த அமைப்பு இது: முன்னால் உடலின் ஓட்டைக்குள் நுழையும் இரண்டு கார்பன் குச்சிகள், பின்னால் ஸ்பிரிங் லாட்ச். பெட்ரோல் விமானத்தில் அடிக்கடி திறக்க வேண்டியதில்லை என்பதால் பக்கத்துக்கு இரண்டு திருகு வைத்திருக்கிறேன். திருகின் ஓட்டை திருகை விடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், உள்ளே ரப்பர் கிராமெட் (ஓட்டையில் பொருத்தும் ரப்பர் வளையம்) போட வேண்டும். ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் அதிர்வில் பிளாஸ்டிக் உரசிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் தடயம். விரிசல் தொடங்கியிருந்தால் அதன் நுனியில் 1 மி.மீ. டிரில்லால் ஒரு ஓட்டை போடுங்கள், பெரும்பாலும் அதற்கு மேல் ஓடாது. நான் அப்படி நிறுத்திய விரிசல்கள் இன்னும் அங்கேயே நிற்கின்றன.

ஒட்டுவதில் சூப்பர் க்ளூவைக் கிட்டவே சேர்க்க வேண்டாம். ஒரு ரெடிமேட் விமானத்தில் தயாரித்தவர்களே அதை வைத்து ஒட்டி அனுப்பியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோதே ஓரம் முழுக்க உள்பக்கம் வெண்மையாக மூடுபனி படர்ந்திருந்தது. பசையின் ஆவி படிந்து உண்டாகும் அந்தப் படலத்தைத் தேய்த்தால் பளபளப்பும் சேர்ந்து போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. 40 சென்டிமீட்டர் பெட்ஜி 30 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. நீளும், அடியில் இருக்கும் பிளைவுட் அந்த அளவு நீளாது. கல்லாக இறுகும் பசை இதைத் தாங்காது, ஓரிடத்தில் விட்டுப்போகும். கேனோபிக்கென்றே விற்கும், ஈரத்தில் வெள்ளையாகவும் காய்ந்தால் நிறமற்றும் இருக்கும் பசை காய்ந்த பிறகும் இழுபடும். ஓரத்தை உள்பக்கம் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, இந்தப் பசையை மெல்லிய கோடாக விட்டு, மாஸ்கிங் டேப்பால் பிடித்து ஒரு ராத்திரி விட்டால் போதும்.

துடைக்க சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும்தான். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம்.

இன்று புதிதாக வாங்குவதானால், எலக்ட்ரிக் பேட்டர்ன் விமானத்துக்கு வெளிர் நிற ஃபைபர்கிளாஸ் கேனோபி எடுப்பேன். எக்ஸ்ட்ரா, யாக், எட்ஜ் போன்ற நிஜ விமானங்களைச் சிறிதாக்கிய ஸ்கேல் விமானத்துக்கு பிளைவுட் ஃபிரேமில் ஒட்டிய 0.75 மி.மீ. பெட்ஜி. எதுவானாலும் விமானத்தோடு சேர்த்தே ஒரு உதிரி கேனோபியும் வாங்கிவிடுவேன். மாடலைத் தயாரிப்பது நின்றால் முதலில் கிடைக்காமல் போவது அதுதான். உதிரி இனிமேல் கிடைக்காது என்றால், பழைய கேனோபி நல்ல நிலையில் இருக்கும்போதே அதற்குள் பிளாஸ்டர் ஊற்றி ஒரு அச்சு எடுத்து வையுங்கள். வேக்யூம் ஃபார்மிங் செய்பவரிடம் அதைக் கொடுத்தால் புதிதாக ஒன்று எடுத்துத் தருவார். அதற்கும் பெட்ஜி ஷீட்டே வசதி. பாலிகார்பனேட் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் முதலில் அடுப்பில் உலர்த்தாமல் சூடாக்கினால் குமிழ் விழும்.