1000 ஜிபி போதும். ஆனாலும் திட்டத்தை மாற்றுகிறேன்

தஞ்சாவூரில் புது வீட்டுக்குக் குடிபோகும் நண்பர் ஒருவர், "மாதம் ஐந்நூறு ரூபாய்க்குள் நெட் இணைப்பு எடுக்கலாம் என்றிருக்கிறேன். 1000 ஜிபி வரம்பு ஒரு குடும்பத்துக்குப் போதுமா?" என்று கேட்டிருந்தார். அதே மாதிரியான ஒரு திட்டத்தைத்தான் திருச்சியில் நாங்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்துகிறோம். 'போதும்' என்று ஒரு சொல்லில் பதில் அனுப்ப உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் பழைய கோபமெல்லாம் திரும்பி வந்துவிட்டது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் திட்டம் 399 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து பில் 471 ரூபாய் வரும். விளம்பரத்தில் வரி தெரியாது என்பதால், பட்ஜெட் போடுகிறவர்கள் முதலிலேயே 471 என்று எழுதிக்கொள்ளுங்கள். வேகம் 40 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 40 மெகாபிட். மாதம் 1000 ஜிபி தீர்ந்துவிட்டால், அடுத்த பில் தேதி வரை 4 எம்பிபிஎஸ்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இணைப்பின் தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டியபோது ஃபைபர் பலமுறை அறுந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் லைன்மேனுக்குப் போன் செய்தால், அன்று மாலைக்குள் ஏணியோடு வந்து ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். ஒருமுறை மழையில் நனைந்துகொண்டே செய்தார். மோடத்துக்கென்று விற்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்த பிறகு மின்வெட்டிலும் நெட் நிற்பதில்லை. வீடே இருட்டாக இருக்கும்போது மகள் ஆன்லைன் வகுப்பைத் தொடர்ந்து கவனித்தாள். இந்த விலைக்கு அது எனக்குப் பெரிய விஷயம்.

என் சண்டை முழுவதும் ஒரே இடத்தில்தான்: கணக்கு. 1000 ஜிபியில் எவ்வளவு போனது, எதில் போனது என்பதை இந்த நிறுவனம் ஒழுங்காகச் சொல்வதே இல்லை. அவர்களுடைய செயலியில் ஒரே ஒரு எண் இருக்கிறது, மொத்தம் செலவானது. அந்த எண்ணும் உடனுக்குடன் மாறாது. ஒரு நாளுக்குப் பின்தங்கித்தான் காட்டும். எந்த நாளில் எவ்வளவு என்ற பட்டியல் கிடையாது. பதிவிறக்கம் எவ்வளவு, பதிவேற்றம் எவ்வளவு என்ற பிரிவும் கிடையாது. தமிழ்நாட்டில் மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதற்காக, கடைசி வாரத்தில் ஏசியை அணைத்து வைக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. ஆனால் அங்கே மீட்டர் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே மீட்டர் அவர்களிடம், வரம்பு நம்மிடம்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2016-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வரம்புள்ள பிராட்பேண்ட் திட்டங்களில் 50, 90, 100 சதவீதம் தீரும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. எங்களுக்கும் தகவல் வருகிறது. ஆனால் இணைப்பு என் அப்பாவின் பெயரில் இருப்பதால் அவருடைய பட்டன் போனுக்குத்தான் வருகிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 90 சதவீதம் தீர்ந்தது என்ற செய்தி, வேகம் 4 எம்பிபிஎஸ்ஸாகக் குறைந்த பிறகு வந்து சேர்ந்த மாதங்களை என்னால் பொறுக்க முடியவில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "சிஸ்டம் அப்டேட் ஆகத் தாமதமாகும் சார்" என்ற ஒரே பதில். வேகத்தைக் குறைக்கும் சிஸ்டம் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிப்பதில்லை.

கடந்த ஆண்டு திடீரென்று இருபது தேதிக்குள்ளாகவே 1000 ஜிபி தீரத் தொடங்கியது. வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாவின் சீரியல்கள், மகனின் விளையாட்டு, என் மனைவியின் அலுவலகக் கூட்டங்கள் என்று எல்லோர் மீதும் சந்தேகம் விழுந்தது. நிறுவனம் கொடுத்த மோடத்தின் உள்ளே போய்ப் பார்க்கக் கடவுச்சொல் தர மாட்டார்கள். கடைசியில் ஒவ்வொரு கருவியும் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் ரூட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி, மோடத்துக்குப் பின்னால் மாட்டினேன். இரண்டே நாளில் விடை தெரிந்தது. வாசலிலும் மாடிப்படியிலும் பொருத்தியிருந்த இரண்டு கண்காணிப்புக் கேமராக்கள்!

கேமரா பொருத்தியவர், இரவு பகலாகப் பதிவாவதை அப்படியே இணையத்துக்கு ஏற்றும்படி அமைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளுக்கு 10.8 ஜிபி. இரண்டுக்கும் சேர்த்து 21.6. முப்பது நாளில் 648 ஜிபி! நாங்கள் யாரும் ஒன்றும் பார்க்காமலேயே மாத வரம்பில் மூன்றில் இரண்டு பங்கு வாசலைப் படம் பிடித்தே போயிருக்கிறது. எங்கள் திட்டத்தில் பதிவேற்றமும் வரம்பில் சேரும் என்பது அப்போதுதான் உறைத்தது. கேமராவில் மெமரி கார்டு போட்டு, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் பதிவாகும்படி மாற்றியதும் அந்த 648 ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. செயலியில் 'பதிவேற்றம் இவ்வளவு' என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் முதல் மாதமே இதைக் கண்டுபிடித்திருப்போம். அம்மாவின் மனமும் வருந்தியிருக்காது. அந்த வருத்தத்துக்காகவே இந்த நிறுவனத்தின் மீது எனக்கு இன்னும் ஆறவில்லை.

டிவியிலும் ஒரு மாற்றம் செய்தேன். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி 4கே தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை, எச்டி தரத்தில் 3 ஜிபி வரை செலவாகும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 420 ஜிபிக்கும் 180 ஜிபிக்கும் உள்ள வேறுபாடு. எங்கள் 43 அங்குல டிவியில், பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர்களில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

வரம்பு தீர்ந்த பிறகு வரும் 4 எம்பிபிஎஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் வெளிவந்த மத்திய அரசின் வரையறைப்படி 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட்தான். 4 எம்பிபிஎஸ் நாள் முழுவதும் ஓடினால் 43 ஜிபி வரும். 1000 ஜிபியை முப்பது நாளுக்குப் பிரித்தால் கிடைப்பதோ நாளுக்கு 33 ஜிபிதான்! ஆக, வேகம் குறைந்த பிறகும் அளவுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் மட்டும் இருந்தால் காணொளி அழைப்பு நன்றாகவே நடக்கும். நான்கு பேர் ஒரே நேரத்தில் வரும்போதுதான் அடிதடி. யாரோ ஒருவருடைய போன் கல்யாணப் புகைப்படங்களை மேலே ஏற்றத் தொடங்கினால் வீட்டில் எல்லோருக்கும் திரை உறைந்துவிடும். ரூட்டரில் ஒவ்வொரு போனுக்கும் 1 எம்பிபிஎஸ் என்று உச்சவரம்பு வைத்தால் அந்தக் கடைசி நாட்களையும் ஓட்டிவிடலாம். நான் அப்படித்தான் ஓட்டினேன்.

செலவைப் பார்க்கும்போது வீட்டு இணைப்பை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். 2024 ஜூலையில் தனியார் மொபைல் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, எங்கள் வீட்டில் எல்லோருடைய ரீசார்ஜும் சேர்ந்து பெரிய தொகையானது. வீட்டில் வைஃபை இருக்கும்போது எல்லோருக்கும் தினம் 2 ஜிபி எதற்கு? குறைந்த டேட்டா உள்ள திட்டங்களுக்கு மாறினோம். 2025 தொடக்கத்தில், டிராய் வற்புறுத்தியதால் டேட்டா இல்லாமல் அழைப்புக்கு மட்டுமான திட்டங்கள் வந்ததும் அம்மாவின் எண்ணை அதற்கு மாற்றினோம். இந்த மிச்சத்தைச் சேர்த்துப் பார்த்தால் 471 ரூபாய் எங்களுக்கு ஒரு சுமையே இல்லை.

கேமராவும் டிவியும் சரியான பிறகு எங்கள் செலவு மாதம் 600, 700 ஜிபிக்குள் நின்றுவிட்டது. கணக்குப்படி 1000 ஜிபி தாராளம். நண்பரின் கேள்விக்கு நேரான பதில் அதுதான்: ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் போதும்.

இருந்தும் வரும் மாதத்திலிருந்து நான் 599 ரூபாய்த் திட்டத்துக்கு மாறுகிறேன். அதில் 3300 ஜிபி. ஜியோ 2019-இல் ஃபைபரைத் தொடங்கியபோது 699 ரூபாய்த் திட்டத்தில் 100 ஜிபியும், அறிமுகச் சலுகையாக இன்னும் 50 ஜிபியும்தான் கொடுத்தார்கள். 2020-க்குப் பிறகு பல நிறுவனங்களின் 'அன்லிமிடெட்' திட்டங்களுக்கு அடியில் சிறு எழுத்தில் இருப்பது இந்த 3300 தான். எங்கள் வீட்டில் அது தீர வழியே இல்லை. வரியோடு 707 ரூபாய், ஆக மாதம் 236 ரூபாய் கூடுதல், ஆண்டுக்கு 2832. எங்களுக்குத் தேவையில்லாத டேட்டாவுக்கு இவ்வளவு பணம் என்று தெரிந்தேதான் கொடுக்கப் போகிறேன். இருபத்தைந்து தேதியானதும் "டிவியை நிறுத்து, அதை இறக்காதே" என்று பிள்ளைகளிடம் கண்டிப்பு காட்டிக்கொண்டிருப்பது எனக்கு அலுத்துவிட்டது. மகன் ஒரு விளையாட்டை இறக்க என்னிடம் வந்து, "இந்த மாசம் மிச்சம் இருக்காப்பா?" என்று கேட்கும் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

நிறுவனத்தையே மாற்றியிருக்கலாம். அந்த லைன்மேன் இருக்கும்வரை மாற்ற மாட்டேன்.

நண்பர் தஞ்சாவூரில் இணைப்பு எடுக்கும்முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். பதிவேற்றமும் வரம்பில் சேருமா? வரம்புக்குப் பின் வேகம் எவ்வளவு? நாள்வாரியாகச் செலவைச் செயலியில் காட்டுவார்களா? மூன்றாவதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால் 1000 ஜிபி திட்டத்தைத் தயங்காமல் எடுக்கலாம். 'இல்லை' என்றால் எனக்கு இருக்கும் கோபத்தில் அந்தத் திட்டத்தை எவருக்கும் பரிந்துரைக்க முடியாது. அவருடைய தெருவுக்கு ஃபைபர் வராமல் கேபிள் இல்லாமல் 5ஜி அலைவரிசையில் வரும் ஏர்ஃபைபர்தான் கிடைக்கும் என்றால் கூடுதல் கவனம் தேவை. அங்கே விலை கூடுதலாக இருந்தாலும் வரம்பு பெரும்பாலும் 1000 ஜிபிதான். இணைப்பை எவர் பெயரில் எடுத்தாலும், செயலியைத் திறந்து பார்க்கக்கூடியவரின் எண்ணையே பதிவு செய்யட்டும்.

3300 ஜிபி திட்டத்திலும் செயலியில் அதே ஒற்றை எண்தான் தெரியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாள்வாரிக் கணக்கும் பதிவேற்றக் கணக்கும் வேண்டும் என்று எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். பதில் வரவில்லை என்றால் அடுத்து மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுவேன்.